ஆங்கில மரபுத்தொடர்கள்: பொருள் தெரிந்தும் எங்கே சறுக்குகிறது?

கயல்விழி (இழை தொடக்கம்)

ஆங்கில மரபுத்தொடர்களைப் பொருளோடு அடுக்கித் தரும் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் ரொம்பச் சுலபம், 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்றால் அபூர்வமாக. இதெல்லாம் மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறார்கள். வாக்கியத்தில் வைக்கும்போதுதான் கோளாறு. எந்தச் சொல்லை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள்? வகுப்புக் குறிப்புக்காகக் கேட்கிறேன். வெறும் பொருள் வேண்டாம், புழக்கம் வேண்டும்.

சொல்லேர்

முதலில் அகராதியைப் படிக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள், பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

பழைய அகராதிகள் 'லூஸ் ஒன்ஸ் ஹெட்' (நிதானம் இழப்பது) என்று போடும். அந்த 'ஒன்ஸ்' வெறும் இடம்பிடிப்பு. வாக்கியத்துக்கு வரும்போது எழுவாய்க்கு ஏற்ப மை, ஹிஸ், ஹர், தேர் என்று மாறியாக வேண்டும். இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் கற்போர் அகராதிகள் இதை இன்னும் தெளிவாகப் பிரிக்கின்றன. 'லூஸ் யுவர் ஹெட்' என்று 'யுவர்' போட்டிருந்தால் எழுவாயின் சொந்தத் தலை. 'புல் சம்படிஸ் லெக்' என்று 'சம்படிஸ்' போட்டிருந்தால் அடுத்தவர் கால். 'ஹி புல்டு ஹிஸ் லெக்' என்று எழுதினால், அவர் இன்னொருவரைக் கேலி செய்தார் என்று பொருள். தன்னைத் தானே கேலி செய்துகொண்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது எ, தி என்ற சுட்டுச் சொற்கள். தமிழில் இவை இல்லாததால் நம்மவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். 'இட் வாஸ் பீஸ் ஆஃப் கேக்' தவறு, முன்னால் 'எ' கட்டாயம். அதையே 'எ பீஸ் ஆஃப் தி கேக்' என்று எழுதினால் மரபுத்தொடரே கலைந்து, தட்டில் இருக்கும் கேக்கின் ஒரு துண்டாகிவிடும். 'அண்டர் தி வெதர்' (உடம்பு சரியில்லை) என்பதில் 'தி' போனால் தொடரே இல்லை. இவற்றைத் தனிச் சொல்லாகப் பிரிக்காமல், சுட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதுதான் வழி.

மூன்றாவது, எதிர்மறையில் மட்டுமே வாழும் தொடர்கள். இதைப் பட்டியல்கள் சொல்வதே இல்லை.

'நாட் லிஃப்ட் எ ஃபிங்கர்': துரும்பைக் கூடக் கிள்ளிப் போடாமல் இருப்பது. எதிர்மறையிலும், கேள்வியிலும், 'விதவுட்' சேர்ந்தும் வரும். 'ஷி லிஃப்டட் எ ஃபிங்கர் டு ஹெல்ப்' என்று நேர்மறையில் 'உதவினாள்' என்ற பொருளுக்கு எழுதினால் கேட்பவர் குழம்புவார்.

'நாட் ஸ்லீப் எ விங்க்' (பொட்டுத் தூக்கம் இல்லை), 'நாட் ஹேவ் எ லெக் டு ஸ்டாண்ட் ஆன்' (வாதத்துக்கு ஆதாரமே இல்லை), 'கான்ட் மேக் ஹெட் ஆர் டெயில் ஆஃப் இட்' (தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை) இந்த மூன்றும் அதே சாதி. 'ஹோல்ட் வாட்டர்', 'மின்ஸ் வேர்ட்ஸ்' (பூசி மெழுகிப் பேசுவது) இரண்டும் பெரும்பாலும் எதிர்மறைதான். 'தட் ஆர்க்யுமென்ட் டஸின்ட் ஹோல்ட் வாட்டர்' என்றால் அந்த வாதம் நிற்காது.

முகில்

'கிக் தி பக்கெட்' பற்றி ஒரு எச்சரிக்கை போட்டுவிடுங்கள். பட்டியலில் 'இறத்தல்' என்று மட்டும் இருக்கும். இதைத் துக்கம் விசாரிக்கும் கடிதத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் 'மண்டையைப் போட்டுட்டாரு' என்பதற்கு நேர் சமம் அது. துக்கத்துக்கு 'பாஸ்ட் அவே', செய்திக்கும் சான்றிதழுக்கும் 'டைட்'.

சொல்லேர்

சரியாகச் சொன்னீர்கள். அந்தத் தொடரில் இலக்கண முடிச்சும் உண்டு. 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்று செயப்பாட்டு வினையாக்கினால் சாவு போய்விடும், நிஜ வாளியைத்தான் உதைத்தார்கள். 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றால் ரகசியம் வெளியான பொருள் அப்படியே நிற்கும்.

ஏன் இந்த வேறுபாடு? 'ஸ்பில் தி பீன்ஸ்' என்பதில் பீன்ஸ் ரகசியம், ஸ்பில் வெளியிடுதல் என்று பொருளைப் பங்கு போட முடிகிறது. 'கிக் தி பக்கெட்' தொடரில் வாளிக்கென்று தனிப் பொருள் எதுவும் இல்லை, மொத்தமும் சேர்ந்துதான் சாவு. நன்பர்க், சாக், வாசோ மூவரும் 1994-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பிரிவை விரிவாகப் பேசுகிறது. வகுப்பில் இந்தச் சோதனை ஒன்றே போதும்: பொருளைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடிகிற தொடர் வளைந்து கொடுக்கும். 'புல்டு அ ஃபியூ ஸ்ட்ரிங்ஸ்' என்று நடுவில் அளவுச் சொல் போடலாம் (கொஞ்சம் செல்வாக்கைப் பயன்படுத்தினார்), 'தி ஹேட்செட் வாஸ் பரீட்' என்று செயப்பாட்டில் சொல்லலாம் (பகையை மறந்தார்கள்). பிரிக்க முடியாதவை, அதாவது 'ஹிட் தி சாக்' (படுக்கப் போவது), 'பைட் தி டஸ்ட்' (வீழ்வது), 'ஷூட் தி பிரீஸ்' (அரட்டை) போன்றவை, காலம் தவிர வேறெதிலும் மாறாது.

இன்னொன்று. 'ஹி வாஸ் டையிங் ஃபார் வீக்ஸ்' என்று சொல்லலாம். 'ஹி வாஸ் கிக்கிங் தி பக்கெட் ஃபார் வீக்ஸ்' ஒட்டாது. அது ஒரு நொடியில் முடியும் செயலைக் குறிக்கும் தொடர். இழுத்துக்கொண்டு கிடப்பதைச் சொல்லாது.

நெடுமாறன்_சொ

எல்லாரும் வாளி, பீன்ஸ், கேக் என்று வண்ணமயமானவற்றையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவற்றால் பெரிய சேதம் வராது. படிக்கும்போதே 'இது நேர்ப்பொருள் இல்லை' என்று தெரிந்துவிடும், அகராதியைத் திறப்போம். ஆளைக் கவிழ்ப்பவை சாதுவாகத் தெரியும் சின்னச் சொற்களால் ஆனவை. புரிந்துவிட்டது என்று நினைத்துக் கடந்துவிடுவோம், பொருள் நேர் எதிராக இருக்கும்.

'க்வைட் எ ஃபியூ' என்றால் நிறைய. 'எ ஃபியூ' என்றால் சில. வெறும் 'ஃபியூ' என்றால் இல்லாத குறை. மூன்றிலும் ஃபியூ இருக்கிறது, அளவு மூன்று திசையில் போகிறது.

'ஹி இஸ் எனிதிங் பட் எ ஃபூல்': அவன் முட்டாளே அல்ல. 'ஹி இஸ் நத்திங் பட் எ ஃபூல்': அவன் வெறும் முட்டாள். 'தி வொர்க் இஸ் ஆல் பட் ஃபினிஷ்ட்': வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இந்த மூன்றாவதை 'முடிந்தது தவிர மற்றதெல்லாம்' என்று பிரித்துப் புரிந்துகொண்டு, வேலை இன்னும் தொடங்கவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு.

'அவுட் ஆஃப் தி க்வெஸ்டியன்' என்றால் பேச்சுக்கே இடமில்லை, நடக்காது. 'பியாண்ட் க்வெஸ்டியன்' என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை, உறுதி. 'தி பர்சன் இன் க்வெஸ்டியன்' என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஆள், அவ்வளவுதான். அவர்மேல் சந்தேகம் என்று பொருள் இல்லை.

'கை' தொடர்களையும் பாருங்கள். 'அட் ஹேண்ட்' அருகில், கைக்கெட்டும் தூரத்தில், அல்லது விரைவில் வரவிருப்பது. 'ஆன் ஹேண்ட்' தேவைப்பட்டால் உதவத் தயாராக இருப்பது. 'இன் ஹேண்ட்' கட்டுப்பாட்டில் இருப்பது, அல்லது இப்போது கையில் எடுத்திருக்கும் வேலை. 'அவுட் ஆஃப் ஹேண்ட்' இரண்டு விதம். 'திங்ஸ் காட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் கைமீறிப் போனது. 'ரிஜெக்டட் இட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் யோசித்துக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார். பக்கத்தில் எந்த வினை வருகிறது என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

'தி அதர் டே' மறுநாள் அல்ல, சில நாட்களுக்கு முன்பு. 'எவ்ரி அதர் டே' ஒருநாள் விட்டு ஒருநாள். மருந்துச் சீட்டில் பின்னதைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'ஹி லெஃப்ட் ஃபார் குட்' என்றால் நல்லதுக்குப் போனார் என்றில்லை, ஒரேயடியாகப் போய்விட்டார்.

பேச்சில் வருபவை இன்னும் மோசம். 'யூ கேன் ஸே தட் அகைன்' என்று ஒருவர் சொன்னால் திரும்பச் சொல்லத் தொடங்காதீர்கள். 'நூற்றுக்கு நூறு உண்மை' என்று ஆமோதிக்கிறார். 'டெல் மீ அபௌட் இட்' என்றால் விவரம் கேட்கவில்லை, 'அதை ஏன் கேட்கிறீங்க, எனக்கும் அதே கதைதான்' என்கிறார். 'கம் அகைன்?' என்று குரல் உயர்த்திக் கேட்டால் 'என்ன சொன்னீங்க?' என்று பொருள். மறுபடி வரச் சொல்லவில்லை. 'ஐ வுடின்ட் புட் இட் பாஸ்ட் ஹிம்' என்றால் அவன் அதைச் செய்யக்கூடியவன்தான். நல்ல காரியத்துக்கு இதைச் சொல்வதில்லை.

கயல்விழி

நெடுமாறன் ஐயா, இந்தப் பதிவை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன். 'ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்' இதே வகையில் வருமா? 'சிரிக்க உதவ முடியாது' என்று எழுதுகிறார்கள்.

நெடுமாறன்_சொ

வரும். சிரிப்பை அடக்க முடியவில்லை என்று பொருள். 'கான்ட் ஹெல்ப்' பின்னால் 'இங்' வடிவம். 'கான்ட் ஹெல்ப் பட்' என்றால் பின்னால் வெறும் வினை: 'ஐ கான்ட் ஹெல்ப் பட் லாஃப்'. இரண்டையும் கலந்து 'ஹெல்ப் பட் லாஃபிங்' என்று எழுதக்கூடாது.

அலைவாய்

அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளையும் கலக்காதீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். சொல் மட்டும் மாறுபவை ஆபத்தில்லை. கண்ணேறு படாமல் இருக்கட்டும் என்பதற்குப் பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. முடிந்துபோன விஷயத்தில் வீணாக முயல்வது பிரிட்டனில் 'ஃப்ளாக் எ டெட் ஹார்ஸ்', அமெரிக்காவில் 'பீட் எ டெட் ஹார்ஸ்'. பிரிட்டனின் 'ஸ்டார்ம் இன் எ டீகப்' (சின்ன விஷயத்துக்குப் பெரிய அமளி) அமெரிக்காவில் 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான்.

பொருளே தலைகீழாவதுதான் பிரச்சினை. 'டேபிள் எ புரொபோசல்' என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் விவாதத்தை ஒத்திவைப்பது. இரு நாட்டவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இதைச் சொன்னால் பாதிப்பேர் கோப்பைத் திறப்பார்கள், பாதிப்பேர் மூடுவார்கள். அங்கே 'டிஸ்கஸ் டுடே' அல்லது 'போஸ்ட்போன்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 'மூட் பாயின்ட்' பிரிட்டனில் விவாதத்துக்குரிய விஷயம், அமெரிக்காவில் இனிப் பேசிப் பயனில்லாத விஷயம். ஒரு நாடகம் 'வென்ட் லைக் எ பாம்' என்றால் பிரிட்டனில் அமோக வெற்றி. 'பாம்ட்' என்று வினையாகச் சொன்னால் படுதோல்வி.

'எனக்கு அதில் துளியும் அக்கறை இல்லை' என்பதற்கு 'ஐ குட் கேர் லெஸ்' என்று அமெரிக்கப் பேச்சில் கேட்கலாம். எழுதும்போது 'குடின்ட்' போடுங்கள், இரு பக்கமும் ஏற்பார்கள்.

யாழ்நங்கை

மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து சில வார்த்தை. ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் கைவசம் இருப்பதைப் போட்டால் பளிச்சென்று இருக்கும். 'கில் டூ பர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' வந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' வந்தால் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாசில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம், அங்கேயே கரி கொண்டுபோவதாம். 'ஒன்ஸ் பிட்டன் ட்வைஸ் ஷை' வந்தால் சூடு கண்ட பூனை. 'பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் சீ' வந்தால் இருதலைக் கொள்ளி எறும்பு. இதற்கு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று போடுகிறவர்கள் உண்டு, அது கொஞ்சம் பிசகு. ஆங்கிலத் தொடர் இரண்டு கெட்டதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாத நிலையைச் சொல்கிறது. மத்தளம் இரு தரப்பிலும் அடி வாங்குவதைச் சொல்கிறது.

உருவம் ஒத்திருந்து பொருள் விலகுபவைதான் கண்ணி. 'புல் சம்படிஸ் லெக்' பார்த்ததும் 'காலை வாரினான்' என்று எழுதத் தோன்றும். ஆங்கிலத்தில் அது விளையாட்டாகப் பொய் சொல்லி நம்பவைப்பது. தமிழில் காலை வாரிவிடுவது நம்பியவனைக் கவிழ்ப்பது.

முகில்

இதில் எனக்கு உடன்பாடில்லை. பேச்சில் 'சும்மா காலை வாராதே' என்றால் கிண்டல் பண்ணாதே என்றுதான் பொருள்.

யாழ்நங்கை

பேச்சில் அந்தப் பொருளும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வாரிவிட்டான்' என்று 'விடு' சேர்ந்ததும் துரோகம் வந்துவிடுகிறது. வசனத்தில் எது என்று படிப்பவருக்குத் தெரியாத இடங்களில் 'கலாய்க்கிறான்', 'விளையாட்டுக்குச் சொல்றான்' என்று போட்டால் சிக்கலே இல்லை.

அலைவாய்

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்தக் காலத்தில் கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று படித்தேன்.

சொல்லேர்

அது கட்டுக்கதை. 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு தொகுப்பு இந்தக் கூரைக் கதையை உலகெங்கும் பரப்பியது. நாய்கள் வைக்கோல் கூரையில் ஏறிப் படுப்பதில்லை என்பதை யோசித்தாலே போதும். 'நாயும் மரநாயும் பொழியும்' என்ற ஆங்கில வழக்கு 1650-களிலேயே அச்சில் இருக்கிறது, ஏன் அந்த விலங்குகள் என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் எதுவும் நிலைபெறவில்லை. பிறப்புக் கதையைவிட முக்கியமானது இது: தேர்வுத்தாளுக்கு வெளியே இந்தத் தொடர் இப்போது பழசாகிவிட்டது. 'இட்ஸ் போரிங்' என்று, மழை கொட்டுவதைக் குறிக்கும் 'போர்' வினையைத்தான் சொல்கிறார்கள். பிரிட்டனில் 'பக்கெட்டிங் டவுன்' என்றும் கேட்கலாம்.

பிறப்பு உறுதியாகத் தெரிந்தவை புழக்கத்துக்கு உதவும். 'பிலோ தி பெல்ட்' குத்துச்சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்ற விதியிலிருந்து வந்தது. அதனால் வெறும் கடுமையான பேச்சுக்கு அது பொருந்தாது, முறைகேடான தாக்குதலுக்கே பொருந்தும். 'புளூ மூன்' கதையும் சுவையானது. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவு என்ற விளக்கம், 1946-இல் ஒரு வானியல் இதழில் வந்த பிழையான கட்டுரையால் பரவியது. தொடரோ அதைவிடப் பழசு. ஆக, மாதத்தில் இரண்டு முழுநிலவு சராசரியாக 2.7 ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்ற கணக்கைத் தொடருக்குள் நுழைக்க வேண்டாம். எப்போதாவது திரும்பத் திரும்ப நடக்கும் காரியத்துக்கே அது. வாழ்நாளில் ஒரே முறை வரும் வாய்ப்புக்கு 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்'.

தென்றல்_க

அலுவலக மின்னஞ்சலில் எவை போடலாம்?

நெடுமாறன்_சொ

பாதுகாப்பு அறிவுறுத்தல், ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு மூன்றிலும் ஒன்றுகூட வேண்டாம். மற்றபடி ஒரு மின்னஞ்சலுக்கு ஒன்று என்றால் தாங்கும்.

தொனியைக் கவனியுங்கள். 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்பதைச் சமமானவரிடம் சொல்லலாம். மேலதிகாரிக்கு எழுதினால் 'என் வேலை முடிந்தது, இனி உங்கள் பாடு' என்பது போல ஒலிக்கும். 'மூவ் தி கோல்போஸ்ட்ஸ்' ஒரு குற்றச்சாட்டு. பாதியில் நிபந்தனையை மாற்றி ஏமாற்றுகிறார்கள் என்று பொருள், 'இலக்கு மாறியிருக்கிறது' என்று சாதாரணமாகச் சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் தோராயத் தொகை. புள்ளி வைத்து எண் கொடுக்காமல், இதிலிருந்து இதுவரை என்று வீச்சு கொடுங்கள்.

'டேக் எ ரெய்ன் செக்' அழைப்பை மரியாதையாகத் தள்ளிப்போடுவது. மழையால் நின்றுபோன பேஸ்பால் ஆட்டத்துக்கு மறுபடி வர அமெரிக்காவில் கொடுத்த சீட்டிலிருந்து வந்தது. 'வருவேன்' என்று எடுத்துக்கொண்டு இருக்கை ஒதுக்கிவிடாதீர்கள். 'அண்டர் தி வெதர்' என்று விடுப்புக் கேட்டால் சளி, தலைவலி அளவுக்குத்தான் புரிந்துகொள்வார்கள். அறுவை சிகிச்சைக்கு அது போதாது, நேராகச் சொல்லுங்கள்.

கயல்விழி

கடைசியாக, மாணவர் எழுதியவற்றில் நான்கு. திருத்திக் கொடுங்களேன்.

அ) 'ஹி லெட்டட் தி கேட் அவுட் ஆஃப் எ பேக்.'
ஆ) 'தி பிரைட் காட் எ கோல்ட் ஃபுட்.'
இ) 'ஷி பிட் தி டஸ்ட் அண்ட் டோல்ட் ஹிம் தி ட்ரூத்.'
ஈ) 'பிரேக் யுவர் லெக் இன் தி இன்டர்வியூ!'

சொல்லேர்

அ) 'லெட்' வினைக்கு இறந்தகாலமும் 'லெட்' தான். பைக்கு முன்னால் 'எ' அல்ல, 'தி'. 'ஹி லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்.' ரகசியத்தை வாய்தவறிச் சொன்னதற்கு இது பொருத்தம். வேண்டுமென்றே சொன்னதற்கு 'ஸ்பில் தி பீன்ஸ்' போடலாம்.

ஆ) ஒரு ஆளானாலும் 'கோல்ட் ஃபீட்' எப்போதும் பன்மை, முன்னால் 'எ' வராது. 'தி பிரைட் காட் கோல்ட் ஃபீட்.' ஒப்புக்கொண்ட காரியத்தில் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது என்பதால் மணப்பெண்ணுக்குப் பொருள் சரியாகவே பொருந்துகிறது.

இ) இரண்டு தொடர் குழம்பிவிட்டது. 'பைட் தி டஸ்ட்' மண்ணைக் கவ்வுவது. இங்கே வேண்டியது 'பைட் தி புல்லட்': தவிர்க்க முடியாத கசப்பான காரியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது. 'ஷி பிட் தி புல்லட் அண்ட் டோல்ட் ஹிம் தி ட்ரூத்.'

ஈ) 'யுவர்' வந்ததும் வாழ்த்து போய் நிஜமாகவே காலை உடைக்கச் சொன்னதாகிவிடும். 'பிரேக் எ லெக்!' மட்டும். மேடையேறுபவருக்குச் சொல்வது இது. நேர்காணலுக்கும் சொல்கிறார்கள், ஆனால் நெருங்கியவரிடம்தான். அறிமுகமில்லாதவருக்கு 'குட் லக்' என்றே எழுதச் சொல்லுங்கள்.